நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை பிளாக்செயினில் வைக்கலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து, தங்கள் நோயாளிகளின் பதிவுகளை பிளாக்செயினில் வைக்கலாமா என்று யோசிக்கின்றன. மென்பொருள் விற்க வந்தவர் மூன்று வாக்குறுதிகள் கொடுத்திருக்கிறார்: தரவை யாரும் திருட முடியாது, யாரும் மாற்ற முடியாது, நோயாளியே தன் தரவுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார். இதில் எவ்வளவு நிஜம், செய்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘திருட முடியாது’ என்பது தவறு. ‘மாற்ற முடியாது’ என்பது சில நிபந்தனைகளோடு உண்மை. ‘சொந்தக்காரர்’ என்பதை விளம்பரக் கணக்கில் எழுதிவிடலாம். ஆனாலும் இந்தத் தொழில்நுட்பத்தைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். மருத்துவத் தரவில் அதற்குச் சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. பதிவுகளை யார் யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்ற பட்டியல்தான் அந்த இடம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

பிளாக்செயினின் அடிப்படை யோசனை பிட்காயினுக்கு முன்பே இருந்தது. ஒரு டிஜிட்டல் ஆவணத்தின் தேதியைப் பின்னால் யாரும் திருத்திவிடாமல் எப்படிக் காப்பது என்று ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆவணத்தை ஹேஷ் என்ற கணக்குக்குள் விட்டால் ஒரு குட்டிக் கைரேகை கிடைக்கும். இன்று பரவலாக இருக்கும் எஸ்ஹெச்ஏ-256 முறையில் அது எப்போதும் 256 பிட். ஆவணம் ஒரு வரியானாலும் ஆயிரம் பக்கமானாலும் அதே நீளம்தான். உள்ளே ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். ஒவ்வொரு கைரேகைக்குள்ளும் முந்தையதையும் சேர்த்துக் கோத்துவிட்டால், நடுவில் ஒன்றைத் திருத்துகிறவர் அதற்குப் பின்னால் வந்த அத்தனையையும் திருத்தியாக வேண்டும். அவர்களுடைய ஷ்யூரிட்டி நிறுவனம் 1995 முதல் வாராவாரம் அந்த வாரத்துக் கைரேகையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சின்ன விளம்பரமாக அச்சிட்டது. வீடு வீடாகப் போய்விட்ட நாளிதழை யார் திரும்ப வாங்கித் திருத்துவது? 2008-இல் வந்த பிட்காயின் கட்டுரையின் கடைசியில் இருக்கும் எட்டு மேற்கோள்களில் மூன்று இவர்களுடையவை.

நாளிதழ் இருந்த இடத்தில் பிட்காயின், முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான கணினிகளை வைத்தது. எல்லோரிடமும் ஒரே பேரேட்டின், அதாவது பிளாக்செயின் என்ற சங்கிலியின், நகல் இருக்கும். புதிதாக ஒரு பக்கம் நிலைக்க, அந்தக் கணினிகளின் மொத்தக் கணக்கிடும் சக்தியில் பெரும்பான்மை ஒத்துப்போக வேண்டும். இதில் ‘மாற்ற முடியாது’ என்றால், மற்றவர்களுக்குத் தெரியாமல் மாற்ற முடியாது என்றுதான் அர்த்தம். பெரும்பான்மையினர் சேர்ந்து முடிவெடுத்தால் மாற்றலாம். 2016-இல் எதீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில், தி டாவோ என்ற முதலீட்டு அமைப்பிலிருந்து ஏறத்தாழ 36 லட்சம் ஈதர் (எதீரியத்தின் நாணயம்) களவு போனபோது, அடுத்த மாதமே பெரும்பான்மையினர் விதியை மாற்றி அந்தப் பணத்தை மீட்டுக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் பழைய சங்கிலியிலேயே தங்கிவிட, அது எதீரியம் கிளாசிக் ஆனது. ஆக, மாற்ற முடியாத தன்மை கணிதத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, நகலை வைத்திருப்பவர்கள் உண்மையிலேயே வேறு வேறு ஆட்களா என்பதில் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். தரவுப் பாதுகாப்பு என்று பேசும்போது மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்: வெளியே கசியாமல் இருப்பது, யாரும் திருத்தாமல் இருப்பது, வேண்டும்போது கையில் கிடைப்பது. 2020 அக்டோபரில் பின்லாந்தில், வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தில் களவு போன பதிவுகளை வைத்து நோயாளிகளையே நேரடியாக மிரட்டிப் பணம் கேட்டார்கள். ஆலோசனை அறையில் தனிமையில் சொன்னதெல்லாம் இணையத்தில் வந்துவிடும் என்று மிரட்டல். இது கசிவு. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரேன்சம்வேர் (கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்), இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கின் வேலையைக் குலைத்தது. திரை பூட்டிக்கொண்டது, முன்பதிவு செய்த சிகிச்சைகள் ரத்தாயின. இது கிடைக்காமல் போவது. பிளாக்செயின் உதவுவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் திருத்தலுக்கு மட்டும். பின்லாந்தில் கைரேகைச் சங்கிலி இருந்திருந்தால், திருடுபோன குறிப்புகள் அசல்தான் என்பதற்கு ஒரு சான்று கூடுதலாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

கசிவைத் தடுக்காது என்றேன். தவறாகச் செய்தால் கசிவை அதிகமாக்கவும் செய்யும். பதிவையே சங்கிலியில் ஏற்றினால், அது எல்லா நோட்களிலும், அதாவது சங்கிலியின் நகலை வைத்திருக்கும் எல்லாக் கணினிகளிலும், நகலாகும். ஒரு ஸ்கேனில் வரும் படங்களே பல நூறு மெகாபைட் பிடிக்கும் என்பதால் கொள்ளளவில் முதல் அடி விழும். என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, ஏற்றுவோம் என்பார்கள். இன்றைக்கு அது போதும். ஆனால் நோயாளி இன்னும் 50 வருடம் வாழப்போகிறவர். இன்றைய பூட்டு அதுவரை தாங்குமா? இன்றைய பூட்டுகள் சிலவற்றை உடைத்துவிடக்கூடிய குவாண்டம் கணினிகளை மனதில் வைத்து அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் புதிய என்கிரிப்ஷன் தரங்களை வெளியிட்டதே, இந்தக் கேள்வி வெறும் கற்பனை இல்லை என்பதால்தான். சாதாரண டேட்டாபேஸ் என்றால் பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். சங்கிலியில் ஏற்றி ஊரெல்லாம் நகல் போனதை எப்படித் திரும்பப் பூட்டுவது?

சட்டமும் குறுக்கே வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் அமலில் இருக்கிறது. அதன் 17-ஆவது பிரிவு, சில சூழ்நிலைகளில் தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. மருத்துவப் பதிவுக்கு விதிவிலக்குகள் உண்டு, எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அழிக்கவே முடியாத ஒன்றைக் கட்டிவிட்டு, அழிக்கச் சொல்லும் உத்தரவு வரும்போது விழிப்பது நல்ல திட்டம் இல்லை.

சரி, பதிவை வெளியே வைத்துவிட்டு கைரேகையை மட்டும் ஏற்றுகிறோம் என்றால்? அந்தப் பாதை சரிதான். ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. பலர் அதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஹேஷிலிருந்து அசலுக்குத் திரும்ப முடியாது என்பது உண்மை. ஆனால் அசல் என்னவாக இருக்கும் என்று ஊகித்து ஒவ்வொன்றாக ஹேஷ் போட்டுப் பார்க்கலாம் இல்லையா? நோயாளியின் அடையாள எண் பத்து இலக்கம் என்றால் மொத்தம் ஆயிரம் கோடி சாத்தியங்கள். விளையாட்டுக்காக வாங்கும் ஒரு கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குச் சில நூறு கோடி ஹேஷ்களைப் போட்டுவிடும். சில நொடிகளில் எல்லா எண்களும் வெளியே வந்துவிடும். ‘எச்ஐவி: பாசிட்டிவ்’, ‘எச்ஐவி: நெகட்டிவ்’ என்ற இரண்டே பதில்கள் உள்ள ஒரு முடிவை அப்படியே ஹேஷ் போட்டு ஏற்றுவது, அதைச் சுவரில் எழுதி ஒட்டுவதற்குச் சமம். அதனால் ஒவ்வொரு பதிவோடும் ஒரு பெரிய ரகசியத் தற்செயல் எண்ணைச் சேர்த்து ஹேஷ் போட வேண்டும். அந்த எண்ணைச் சங்கிலிக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்த ரகசிய எண்ணையும் பதிவையும் அழித்துவிட்டால், சங்கிலியில் மிச்சம் இருப்பது யாரோடும் இணைக்க முடியாத வெறும் எழுத்துக் குவியல். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டல், இந்த மாதிரி ஏற்பாட்டை அழித்ததற்கு நெருக்கமான நிலையாகப் பார்த்தது.

இவ்வளவு செய்தாலும் நடமாட்டம் தெரியும். ஒரே அடையாளம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை புற்றுநோய் மருத்துவமனையின் நோட்டிலிருந்து ஒரு வரி எழுதினால், உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கவா வேண்டும்? பெயரை எடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையை 1990-களிலேயே லடானியா ஸ்வீனி என்ற கணினி அறிவியல் ஆய்வாளர் உடைத்துவிட்டார். பெயர் நீக்கிய மருத்துவத் தரவையும் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த வில்லியம் வெல்டின் பதிவைக் கண்டுபிடித்தார். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, இந்த மூன்று மட்டும் தெரிந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்பது அவர் பின்னர் போட்ட கணக்கு. அதனால் பொதுச் சங்கிலி எதிலும் நோயாளி சம்பந்தப்பட்ட தனித்தனி வரிகளை எழுத வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

அடுத்தது ‘சொந்தக்காரர்’. நோயாளியின் கையில் ஒரு சாவி, அவர் திறந்தால்தான் மருத்துவர் பார்க்கலாம் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். படத்தில் நோயாளி எப்போதும் தெம்பாக நின்றுகொண்டிருப்பார். நிஜத்தில் அவர் மயக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் வருகிறார், போன் எங்கே விழுந்தது என்று தெரியாது. பெனிசிலின் அலர்ஜி உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா என்பது அடுத்த சில நிமிடங்களில் தெரிந்தாக வேண்டும். அப்போது சாவி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. அப்புறம், முதியவர்கள், குழந்தைகள், நினைவு மங்கியவர்கள், போனைத் தொலைத்தவர்கள். இவர்களுக்காக மாற்றுச் சாவி ஒன்றை மருத்துவமனையிலோ உறவினரிடமோ வைத்துதான் ஆக வேண்டும். வைத்த கணமே ‘நோயாளி மட்டுமே’ என்ற கதை முடிந்துவிட்டது. ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (சங்கிலியில் தானாக இயங்கும் நிரல்) வழியாகக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதும் பாதிதான் சரி. இனிமேல் பார்ப்பதைத் தடுக்கலாம். நேற்றே பார்த்து நகல் எடுத்தவரிடம் இருப்பதை எந்த கான்ட்ராக்டும் பிடுங்காது.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. வங்கிப் பெட்டகம்போல மருத்துவமனைக் கதவை இறுக்கிப் பூட்ட முடியாது. இறுக்கினால் ஆள் செத்துப்போவார். இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ், வேறு வார்டிலிருந்து அழைக்கப்பட்ட மருத்துவர், மருந்தகத்தில் இருப்பவர், எல்லோருக்கும் ஓரளவு திறந்தே வைக்க வேண்டியிருக்கிறது. அவசர நேரத்தில் அனுமதி இல்லாதவரும் காரணத்தைத் தட்டச்சு செய்துவிட்டுத் திறக்கும் வசதி பல மருத்துவ மென்பொருள்களில் உண்டு. கதவு தளர்வாக இருக்க வேண்டிய இடத்தில், உள்ளே போனவர் யார் என்ற பதிவேடுதான் காவல்காரன். பக்கத்து வீட்டுக்காரரின் கேஸ் ஷீட்டை ஆர்வத்தில் திறந்து பார்க்கும் ஊழியரைத் தடுப்பது பூட்டு இல்லை, நாளைக்குக் கேள்வி வரும் என்ற பயம்.

அந்தப் பதிவேட்டைக் காப்பது யார்? நான் முன்பு வேலை செய்த ஒரு மருத்துவமனை மென்பொருளில், யார் எதைப் பார்த்தார்கள் என்ற லாக் அட்டவணை, நோயாளிப் பதிவுகள் இருந்த அதே டேட்டாபேஸில், அதே அட்மின் பாஸ்வேர்டின் கீழ் இருந்தது. ஒரு புகார் வந்து தேடியபோது குறிப்பிட்ட ஒரு வாரத்து வரிகளையே காணோம். இடம் போதவில்லை, பழையதை அழித்தோம் என்றார்கள். உண்மையாகவே இருக்கலாம். பொய் என்று நிரூபிக்க எனக்கும் வழியில்லை, உண்மை என்று நிரூபிக்க அவர்களுக்கும் வழியில்லை. ஹேபரும் ஸ்டோர்னெட்டாவும் தீர்த்துவைத்த பிரச்சினை அச்சு அசலாக இதுதான்.

எஸ்டோனியா போன பாதை ஏறக்குறைய இது. 2007-இல் பெரிய இணையத் தாக்குதலைச் சந்தித்த அந்தச் சின்ன நாடு, அதன் பிறகு கார்டுடைம் நிறுவனத்தின் கேஎஸ்ஐ என்ற, கைரேகைகளைக் கோக்கும் முறையை அரசுப் பதிவேடுகளில் கொண்டுவந்தது. தேசிய மின் மருத்துவ அமைப்பு 2008-இல் தொடங்கியது. பின்னர் அதற்கும் இந்த முறை வந்தது. ‘எஸ்டோனியாவின் மருத்துவப் பதிவுகள் பிளாக்செயினில் இருக்கின்றன’ என்று விற்பனைக் கூட்டங்களில் சொல்வார்கள். இல்லை. பதிவுகள் சாதாரண சர்வர்களில்தான் இருக்கின்றன. கைரேகைகள் மட்டுமே சங்கிலியில். அங்கே ஒரு குடிமகன் தன் பக்கத்தில் நுழைந்து, தன் பதிவை எந்த மருத்துவர் எப்போது பார்த்தார் என்று தானே பார்க்கலாம். ‘சொந்தக்காரர்’ என்ற சொல்லைவிட இதற்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன். கேஎஸ்ஐயை பிளாக்செயின் என்று அழைக்கலாமா என்று தொழில்நுட்பக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்வது தனிக்கதை.

எம்ஐடி மீடியா லேப், பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையோடு சேர்ந்து 2016-இல் முன்வைத்த மெட்ரெக் என்ற மாதிரியும் பதிவுகளைச் சங்கிலியில் ஏற்றவில்லை. எந்தப் பதிவு எங்கே இருக்கிறது, யாருக்கு அனுமதி என்பதை மட்டும் எதீரியம் மேல் கட்டிய பேரேட்டில் எழுதியது. சங்கிலியை ஓட்டும் ஆய்வாளர்களுக்குக் கூலியாகப் பெயர் நீக்கிய தொகுப்புத் தரவைக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனையும் அதில் இருந்தது. புத்திசாலித்தனமான யோசனைதான். ஸ்வீனியின் கதையைப் படித்த பிறகு எனக்கு அது உறுத்துகிறது.

தவறான தகவல் உள்ளே போனால் என்ன ஆகும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். தவறாகவே நிரந்தரமாக இருக்கும். ஆனால் இது மருத்துவத்துக்குப் புதிதில்லை. காகிதக் கேஸ் ஷீட்டில் தவறாக எழுதியதை ஒயிட்னர் வைத்து மறைக்கக் கூடாது. படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும் என்றுதான் காலங்காலமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பழையதை விட்டுவிட்டுப் புதிய வரி சேர்ப்பது பிளாக்செயினுக்கு முன்பே மருத்துவர்களின் பழக்கம். எனக்குக் கவலை வேறு இடத்தில். ஓர் ஆய்வகம் வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரையை 126 என்று எழுதும், இன்னொன்று அதையே 7 என்று எழுதும். முன்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், பின்னது லிட்டருக்கு மில்லிமோல், இரண்டும் ஒரே அளவுதான். அலகை எழுதாமல் 7 என்று மட்டும் அனுப்பினால், சங்கிலி அந்த 7-ஐ நூறு வருடம் பத்திரமாக வைத்திருக்கும், என்ன 7 என்று மட்டும் யாருக்கும் தெரியாது. மருத்துவமனைகளுக்கு இடையே தரவு ஓடாததற்கு முக்கியக் காரணம் இப்படிப்பட்ட மொழிக் குழப்பம். அதற்கு எஃப்ஹெச்ஐஆர் போன்ற, மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான பொதுத் தரங்களை உட்கார்ந்து அமலாக்க வேண்டும். சலிப்பான வேலை, யாரும் கைதட்ட மாட்டார்கள், ஆனால் பட்ஜெட்டின் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும்.

இப்போது முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு வருகிறேன். உங்களைப் போன்ற கூட்டமைப்புக்கு ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் மாதிரியான, அனுமதி பெற்றவர்கள் மட்டுமே சேரக்கூடிய சங்கிலியைத்தான் பரிந்துரைப்பார்கள். அதில் நோட்களை யார் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். ஐந்து மருத்துவமனை, ஐந்து நோட், ஐந்தும் அதே மென்பொருள் நிறுவனத்தின் ஒரே கிளவுட் கணக்கில் என்றால், உங்களிடம் இருப்பது விலை அதிகமான, வேகம் குறைந்த ஒரு டேட்டாபேஸ். இன்னொன்றும் கேளுங்கள்: ஒத்துப்போகும் முறை எது? ராஃப்ட் என்றால், ஐந்தில் இரண்டு நோட் செத்துப்போனாலும் ஓடும். ஆனால் ஒன்று வேண்டுமென்றே பொய் சொன்னால் அதைத் தாங்க அது வடிவமைக்கப்படவில்லை. பொய்யையும் தாங்கும் முறைகளில், ஒரு பொய்யனைச் சமாளிக்கக் குறைந்தது நான்கு நோட் வேண்டும், இரண்டு பொய்யர்களுக்கு ஏழு. இந்தக் கேள்விக்கு விற்பனையாளர் திணறினால் அதுவே ஒரு பதில்.

எனக்குக் கேட்டால், உடனே சங்கிலிக்குப் போக வேண்டாம். இணையதளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கண்காணிக்கும் சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி என்ற ஏற்பாடு, 2011-இல் டிஜிநோட்டார் என்ற டச்சு நிறுவனம் ஊடுருவப்பட்டுப் போலிச் சான்றிதழ்கள் வெளியான பிறகு உருவானது. சேர்க்க மட்டுமே முடிகிற பொதுப் பதிவேடுகளை வெளியார் தொடர்ந்து சரிபார்க்கிறார்கள். நாணயம் இல்லை, அதைச் சம்பாதிக்கக் கணினிகள் போட்டிபோடும் ‘சுரங்கம்’ (மைனிங்) இல்லை, பிளாக்செயின் என்ற பெயர்கூட இல்லை. அதே யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பார்வை லாகின் வரிகளுக்கு ரகசிய எண் சேர்த்து ஹேஷ் போடட்டும். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து மேலே மேலே ஹேஷ் போட்டுக்கொண்டு போனால், கடைசியில் ஒரே ஒரு கைரேகை மிஞ்சும். அன்றைய லட்சம் வரிகளுக்கும் சேர்த்து 32 பைட். தினமும் இரவில் அதில் கையொப்பமிட்டு மற்ற எல்லா மருத்துவமனைகளுக்கும், கூட்டமைப்புக்கு வெளியே இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கோ தணிக்கையாளருக்கோ அனுப்புங்கள். வேண்டுமானால் அந்த ஒற்றைக் கைரேகையை மட்டும் பொதுச் சங்கிலியிலும் பதியலாம். அதில் நோயாளி யாரும் தெரிய மாட்டார். ஒரு திறமையான பொறியாளருக்கு இது சில வார வேலை. ‘யார் இந்தக் கைரேகைகளை வைத்திருப்பது, யாரையும் நம்ப மாட்டோம்’ என்று உங்கள் மருத்துவமனைகள் உண்மையிலேயே சண்டை போட ஆரம்பித்தால், அப்போது முழுச் சங்கிலியைப் பற்றிப் பேசலாம்.

எதை வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். சோதனைச் சர்வரில் அட்மின் பாஸ்வேர்டை உங்கள் ஆள் ஒருவரிடம் கொடுத்து, முந்தைய நாள் பார்வை லாகில் ஒரே ஒரு வரியில் பெயரை மாற்றச் சொல்லுங்கள், யாரிடமும் சொல்லாமல். மறுநாள் காலை வேறொரு மருத்துவமனையின் திரையில் எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். பிறகு அதே ஆளை அந்த வரியை முழுதாக அழிக்கச் சொல்லிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவது சோதனையில்தான் பல தயாரிப்புகள் மாட்டிக்கொள்ளும்.